தவணை தொடங்கும் முன் ஒரு நாள்: ஆசிரியர்களை வரவேற்பதும் பிள்ளைகளை அறிவதும்

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூதூர்ப் பக்கத்தில் ஏறத்தாழ 400 பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் அண்மையில் அதிபர் பொறுப்பை ஏற்ற ஒருவர் இரண்டு விடயங்களைக் கேட்டிருக்கிறார். விடுமுறை முடிந்து ஆசிரியர்களும் ஊழியர்களும் திரும்பி வரும் முதல் நாளை எப்படி அமைப்பது என்பது ஒன்று. 26 ஆசிரியர்களையும் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஒரேயோர் ஆசிரியையையும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைகூட விடுபடாமல் எல்லாருடைய நலத்தையும் எப்படிக் கவனிப்பது என்பது மற்றையது. நான் திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளில் 31 ஆண்டுகள் கற்பித்தவன். அதில் கடைசி 12 ஆண்டுகள் ஆலோசனை வழிகாட்டலையும் சேர்த்துப் பார்த்தவன். இந்த இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் அனுபவம்.

ஒரு பிள்ளையின் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது, பெரும்பாலும், பாடசாலை வளவுக்குள் யாரோ ஒருவருக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிய வேண்டியவருக்கு அது போய்ச் சேராததுதான் குறை. எனவே ஆசிரியர்கள் திரும்பும் முதல் நாளை, தெரிந்தவரும் தெரிய வேண்டியவரும் ஒரே மேசையில் அமரும் நாளாக ஆக்குங்கள் என்பதே என் பதில். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொன்னால் மற்றவை எளிதாக விளங்கும்.

அது நான் பணியில் சேர்ந்த ஐந்தாவது ஆண்டு, ஜனவரி மாதம். தவணை தொடங்குவதற்கு முந்தைய நாள் ஆசிரியர் கூட்டம் மூன்று மணித்தியாலம் நடந்தது. சுற்றறிக்கைகள் வாசிக்கப்பட்டன, நேரசூசி பங்கிடப்பட்டது, விளையாட்டுப் போட்டிக்கு இல்லப் பொறுப்பாசிரியர்கள் தெரிவு செய்யப்பட்டார்கள். அடுத்த நாள் நான் தரம் 8 வகுப்பில் கொப்பிகளைப் பார்வையிட்டேன். ஒரு பையனின் கொப்பிகளுக்கு உறை இல்லை. அவை கடையில் வாங்கிய கொப்பிகளும் இல்லை; போன ஆண்டுக் கொப்பிகளில் எழுதாமல் எஞ்சிய தாள்களைப் பிரித்தெடுத்து, வலை தைக்கும் நைலோன் நூலால் நடுவில் தைத்துக் கொண்டு வந்திருந்தான். தையல் மிக நேர்த்தியாக இருந்தது. என் கண்ணில் பட்டதோ உறை இல்லாதது மட்டுமே. அந்தப் பாடவேளை முழுவதும் அவனை எழுப்பி நிற்க வைத்தேன். அவன் ஒரு சொல் பேசவில்லை. இடைவேளையில் எங்கள் சிற்றூழியர் என்னை ஓரமாக அழைத்து, "சேர், அவன்ட தகப்பன் மார்கழியில கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டுந்தான் கரைக்கு வந்தது. தாய் இன்னும் வாசல்லதான் குந்திக்கொண்டிருக்கிறா" என்றார். அவர் அந்தப் பையனின் ஒழுங்கையைச் சேர்ந்தவர். முந்தைய நாள் எங்கள் கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனவரும் அவரே.

நான் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த ஒரு பாடவேளையை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அதனால்தான் முதல் நாள் கூட்டத்துக்கு யாரை அழைக்கிறீர்கள் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். காவலாளி, சிற்றூழியர்கள், சிற்றுண்டிச்சாலை நடத்துபவர், காலை உணவு சமைக்கும் தாய்மார், நூலகப் பொறுப்பாளர், தொண்டர் ஆசிரியர்கள் எல்லாரும் அந்த மண்டபத்தில் கதிரை போட்டு அமர வேண்டும். எந்தப் பிள்ளை காலை 6.30 மணிக்கே வந்து வாசலில் நிற்கிறது என்பது காவலாளிக்குத் தெரியும். எந்தப் பிள்ளை தன் பங்கில் பாதியைத் தம்பிக்கென்று சுற்றி எடுத்துப் போகிறது என்பது சமைக்கும் அம்மாவுக்குத் தெரியும். வகுப்பாசிரியருக்கு இவை தெரிவதற்கு மாதங்கள் ஆகலாம்.

இனி, திரும்பி வரும் ஆசிரியர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலான அதிபர்கள் ஒரு பூங்கொத்தோடும் வரவேற்புரையோடும் முடித்துவிடுகிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலமும், அதன்பின் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் வந்த பிறகு திருகோணமலை நகரிலிருந்து மூதூருக்கு வருவது முன்போல் மிதவைக்குக் காத்திருந்து காத்திருந்து கடக்கும் பயணமாக இல்லை. ஆயினும் உங்கள் ஆசிரியர்களில் சிலர் விடியற்காலை 5 மணிக்குச் சமைத்து வைத்துவிட்டு முதல் பேருந்தைப் பிடித்து வருகிறார்கள். சிலர் மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, இங்கே ஓர் அறையை மூவராக வாடகைக்கு எடுத்துத் தங்குகிறார்கள். இடமாற்ற விண்ணப்பத்துக்கு விடை வந்ததா இல்லையா என்ற கவலையோடுதான் அவர்களுடைய ஒவ்வொரு தவணையும் தொடங்குகிறது. 7.30க்குப் பின்னர் வரவுப் பதிவேட்டில் விழும் சிவப்புக் கோட்டுக்கு அஞ்சி ஓடி வரும் ஒருவர், வாசலில் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையைக் கண்டாலும் நிற்கமாட்டார். சிவப்புக் கோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது நிர்வாக ஒழுங்கு. முதல் நாளிலாவது அந்தப் பதிவேட்டை அலுவலகத்திலிருந்து வாசலுக்கு எடுத்து வந்து, நீங்களே நின்று, கையொப்பமிடும் ஒவ்வொருவரிடமும் அவர் வீட்டு நடப்பை விசாரியுங்கள். பேருந்து தவறியவரிடம், எந்த நேரத்துப் பேருந்து தவறுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே பேருந்தைச் சொன்னால் அது தனியொருவரின் அசட்டை அல்ல. போக்குவரத்துச் சபை டிப்போவுக்கு நீங்கள் கடிதம் எழுத வேண்டிய விடயம் அது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. இன்று முப்பதுகளில் இருக்கும் நம் ஆசிரியர்கள் 2004 டிசம்பர் 26 அன்று பாடசாலைப் பிள்ளைகள். 2006இல் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கின் மற்றைய ஊர்களிலிருந்தும் சனம் பெயர்ந்தபோது கொட்டில்களிலும் மரத்தடிகளிலும் படித்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். மூதூர் நகரத்து முஸ்லிம் குடும்பங்களும் அந்த ஆண்டில் தம் வீடுகளை விட்டு வெளியேறியவர்கள்தாம். அதற்குப் பின் 2020இன் நீண்ட பாடசாலை மூடலையும், 2022இல் எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மூடிக் கிடந்த கிழமைகளையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தையும் அவர்கள் ஆசிரியர்களாகக் கடந்திருக்கிறார்கள். பிள்ளையின் துயரத்தைக் காதுகொடுத்துக் கேள் என்று நாம் ஓர் ஆசிரியையிடம் சொல்லும்போது, தன் துயரத்தை யாரும் கேட்காத ஒருவரிடம் அதைச் சொல்கிறோமா என்று முதலில் யோசிக்க வேண்டும். அன்று காலை ஒரு மணித்தியாலத்தைத் தேநீருக்கும் வடைக்கும் பேச்சுக்கும் விட்டுவிடுங்கள். நிகழ்ச்சி நிரல் எதுவும் வேண்டாம். புதிதாக வந்தவரைப் பழையவர் ஒருவரோடு சேர்த்து உட்கார வையுங்கள். விடுமுறையில் மரணவீடு கண்டவர் யார், பிள்ளைப்பேறு முடிந்து வந்தவர் யார், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் யார் என்பதை நீங்கள் முன்கூட்டியே அறிந்து, அவர்களிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள். மேடையில் சொல்ல வேண்டாம்.

தேநீருக்குப் பிறகுதான் அன்றைய உண்மையான வேலை. எல்லா வகுப்பு இடாப்புகளிலிருந்தும் பெயர்களைப் பெரிய தாள்களில் எழுதி, வகுப்புக்கு ஒரு தாளாக மண்டபச் சுவரில் ஒட்டி வையுங்கள். 400 பெயர்கள் என்றால் 13 அல்லது 14 தாள்கள் வரும். கூடியிருக்கும் ஒவ்வொருவரும் ஒரு பேனையோடு சுவரோரமாக நடந்து, தமக்குத் தெரிந்த பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி இட வேண்டும். "தெரிந்த" என்பதற்கு ஒரு வரையறை வேண்டும். பரீட்சைப் புள்ளியும் தரமும் ஒழுங்கும் தவிர, அந்தப் பிள்ளையைப் பற்றி வேறு ஒரு செய்தியாவது தெரிந்திருக்க வேண்டும். யாரோடு வாழ்கிறது, எதில் விருப்பம், எதற்குப் பயம், பாடசாலை முடிந்ததும் எங்கே போகிறது என்பவற்றுள் ஏதாவது ஒன்று போதும். ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். முடிந்த பிறகு எல்லாரும் பின்வாங்கி நின்று சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது சில பெயர்களுக்கு எதிரே பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் இருந்தன: கெட்டிக்காரப் பிள்ளைகள், குழப்படிக்காரர்கள், மாணவத் தலைவர்கள், ஆசிரியர்களின் சொந்தப் பிள்ளைகள். புள்ளியே விழாத பெயர்கள் 37. அவர்களில் பெரும்பாலானோர் அமைதியான பெண்பிள்ளைகள். ஒழுங்காக வருவார்கள், நடு வரிசையில் இருப்பார்கள், 45 புள்ளி எடுப்பார்கள், யாருக்கும் தொந்தரவு தரமாட்டார்கள். அந்த மண்டபத்தில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒரு சங்கீத ஆசிரியை போய் ஒரு பெயரின் கீழே விரலை வைத்து, "இவ என்ர வகுப்பில ரெண்டு வருசம் இருந்தவ, குரல்கூட எனக்கு ஞாபகம் வருதில்ல" என்றார். நான் நடத்திய பயிற்சிப் பட்டறைகளால் ஏற்படாத மாற்றம் அந்த ஒரு காலையில் ஏற்பட்டது.

அந்த 37 பெயர்களையும் எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இல்லை. உங்களிடம் 26 ஆசிரியர்களும் ஐந்தாறு ஊழியர்களும் இருப்பதால் இது முடியாத காரியம் அல்ல. பொறுப்பெடுத்தவர் செய்ய வேண்டியது சிறியது. கிழமையில் இரண்டு தடவை, பாடத்தோடு தொடர்பில்லாமல், பெயர் சொல்லி அழைத்து இரண்டு நிமிடம் பேச வேண்டும், அவ்வளவே. பிள்ளைக்கு இப்படியொரு ஏற்பாடு இருப்பது தெரியத் தேவையில்லை, தெரியவும் கூடாது. ஆலோசனை ஆசிரியை ஒருவரே 400 பேருக்கும் பொறுப்பு என்று நினைத்தால் அவர் இரண்டாம் தவணைக்குள் சோர்ந்துவிடுவார். இவ்வாறு வலை விரித்துவிட்டால், அந்த வலையில் பாரமாகச் சிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு அவருடைய நேரம் முழுவதையும் கொடுக்கலாம்.

எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு நூல்களில் பட்டியல்கள் உண்டு. அவற்றைவிட நம் மாவட்டத்தின் பருவங்களை அறிவது உதவும். வாடைக்காலத்தில், நவம்பரிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை, கடல் கொந்தளிக்கும். சிறு வள்ளக்காரர்களின் வீடுகளில் வருமானம் நின்றுபோகும். முதலாம் தவணை தொடங்கும் நாட்களில், கொப்பியும் சப்பாத்தும் வாங்க வேண்டிய அந்த நாட்களிலேயே, கரையோர வீடுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரிகிறது. அந்தக் கிழமைகளில் காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளையைப் பார்த்து "இரவு முழுக்க போன் பார்த்திருக்கிறாய்" என்று சொல்வதற்கு முன், சாப்பிட்டதா என்று கேளுங்கள். தம்பலகாமம், கிண்ணியா வயல் ஊர்களில் பெரும்போக அறுவடை வரும்போது தரம் 9, 10 பையன்கள் வராமல் நிற்பார்கள். நுண்கடன் தவணைக்காரர் வரும் நாளில் தாய் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போவதால், கடைக்குட்டியைப் பார்க்க மூத்த பெண்பிள்ளை வீட்டில் நின்றுவிடும். கிழமையின் ஒரே நாளில் திரும்பத் திரும்ப வராத பெண்பிள்ளையை இடாப்பில் கண்டால் இதைத்தான் நான் முதலில் நினைப்பேன். இடாப்பை நாள்வாரியாக நெடுக்கில் வாசிக்கப் பழகுங்கள். இவ்வளவு செய்தியும் அந்தச் சிறிய கட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது.

பயணமும் பிள்ளையின் நலத்தோடு சேர்ந்ததே. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 காலையில் மிதவைப்படகு கவிழ்ந்து பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. எந்தப் பிள்ளை எந்த வழியாக, யாரோடு, எத்தனை மணிக்குப் புறப்பட்டு வருகிறது என்பதை வகுப்பாசிரியர் முதல் கிழமையிலேயே எழுதிவைத்திருக்க வேண்டும். மாவிலாற்றுப் பக்கம் வெள்ளம் வந்த ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர், சாதாரண மழை இருட்டினாலே யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பாடத்துக்குத் திருப்புவதற்கு முன், "மழை விடும்வரை இங்கேதான் எல்லாரும் இருக்கப்போகிறோம்" என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிடுவது நல்லது.

நாம் வழக்கமாகச் சொல்லும் ஒரு வசனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்: "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா." மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் எத்தனை பிள்ளைகளின் தாய்மார் குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலையில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மம்மாவிடமோ சாச்சியிடமோ வளரும் அந்தப் பிள்ளைக்கு இந்த வசனம் தண்டனையைவிடப் பெரிது. சில பிள்ளைகள் அடுத்த மூன்று நாட்களுக்கு வராமலே விடும். "வீட்டில் உன்னைப் பார்க்கிற ஒருவரை வரச் சொல்" என்று மாற்றிச் சொல்ல ஒருவருக்கும் செலவில்லை. அதேபோல இலவசக் கொப்பி, சப்பாத்துப் பற்றுச்சீட்டு, நன்கொடைப் பொதி எதையும் காலைக் கூட்டத்தில் பெயர் வாசித்துக் கொடுக்காதீர்கள். கொடுப்பவர் படம் எடுக்க விரும்பினால் கட்டடத்தை எடுக்கட்டும். பிள்ளையை முன்னால் நிறுத்த வேண்டாம். கைப்பிரம்பைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையை விலக்கியிருக்கிறது. முதல் நாள் கூட்டத்தில் நீங்கள் வாசிக்க வேண்டிய சுற்றறிக்கை ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பாடசாலையால் தாங்க முடியாதவை வரும்போது யாரிடம் போவது என்பது எல்லா ஊழியருக்கும் அன்றே தெரிந்திருக்க வேண்டும். துன்புறுத்தல் என்று ஐயம் எழுந்தால் ஆசிரியர் தாமே விசாரணை நடத்தக் கூடாது. பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது இன்னொரு துன்புறுத்தல். பிள்ளை சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுதி, உங்களிடமும் ஆலோசனை ஆசிரியையிடமும் மட்டும் தர வேண்டும். நீங்கள் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. இது ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "சாகலாம் போல இருக்கு" என்று ஒரு பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலும் அன்றைக்கே, வீடு போவதற்குள், யாராவது ஒருவர் அதனுடன் உட்கார்ந்து நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்ற பயம் தவறானது. வரவு நின்றுபோனால் கிராம உத்தியோகத்தரோடு சேர்ந்து வீட்டுக்குப் போங்கள். 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் வாசலில் அதை முதலில் எடுக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது பார்வை, செவிப்புலன் பற்றிய முடிவுகளை வகுப்பாசிரியருக்குக் கட்டாயம் கொடுங்கள். மந்தம் என்று பின்வாங்கில் இருத்தப்பட்ட பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதே உண்மையாக இருந்திருக்கிறது.

கடைசியாக, அந்தச் சுவர்த் தாள்கள். கூட்டம் முடிந்த அன்றே அவற்றைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளின் கண்ணிலோ பெற்றோரின் கண்ணிலோ அவை படக் கூடாது. யாரும் கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். புள்ளி விழாத பெயர்களின் பட்டியலை மட்டும் கையெழுத்தில் பிரதி செய்து உங்கள் இலாச்சியில் பூட்டி வையுங்கள். தவணையின் நடுவில் ஒரு நாள், பாடசாலை முடிந்த பிறகு அரை மணித்தியாலம், பொறுப்பெடுத்தவர்களை மட்டும் அழைத்து அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக வாசியுங்கள். ஒவ்வொருவரும் தாம் அறிந்த ஒன்றைச் சொல்லட்டும், சொல்ல எதுவும் இல்லாதவர் பிள்ளையை இன்னொருவரிடம் மாற்றட்டும். ஆண்டு முடிவில் வகுப்பேற்றம் நடக்கும்போது, புள்ளி அறிக்கைகளோடு சேர்த்து, பழைய வகுப்பாசிரியர் புதியவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து அந்தப் பெயர்களை வாய்மொழியாக ஒப்படைக்க வேண்டும். இடமாற்றம் பெற்றுப் போகும் ஆசிரியருக்கு நீங்கள் விடுவிப்புக் கடிதத்தில் கையொப்பமிடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: உங்கள் இரண்டு பிள்ளைகளையும் யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்?